முதல் வாடகை வீடு வாங்கும் முன்



வெளிநாட்டில் பத்துப் பன்னிரண்டு வருடம் உழைத்துவிட்டு ஊர் திரும்பும் சகோதரர்களும், ஷூ கம்பெனியில் கணக்கு முடித்துப் பணம் வாங்கியவர்களும் நம் அறக்கட்டளைக்கு வந்து கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "பேங்கில் போட்டால் வட்டி. நகையாக வைத்தால் திருட்டு பயம். ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட்டால் ஹலாலான வருமானம் மாதாமாதம் வருமே, என்ன சொல்கிறீர்கள்?"

நல்ல எண்ணம்தான். வாடகை ஹலாலான வருமானம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் வாங்கும் விதத்திலும் விடும் விதத்திலும் அந்த ஹலால் கெட்டுப்போக இடமுண்டு; பணமும் போக இடமுண்டு. மலையடிவாரத்து ஊர் ஒன்றைச் சேர்ந்த ஒரு சகோதரருக்கு நேர்ந்ததை, அவருடைய சம்மதத்தோடு, பெயரைச் சொல்லாமல் இங்கே எழுதுகிறோம்.

அவர் சவூதியில் ஓட்டுநராக இருந்து சேர்த்த பணத்தில் இரண்டு போர்ஷன் உள்ள ஒரு வீட்டை வாங்கினார். 30 வருடத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தார், சுத்தமாக இருந்தது. பத்திரப்பதிவும் முடிந்தது. அடுத்த வாரம் வாடகை கேட்கக் கீழ் போர்ஷனுக்குப் போனபோது, அங்கே குடியிருந்தவர் ஒரு முத்திரைத்தாளை எடுத்து நீட்டினார். பழைய உரிமையாளரிடம் 4 லட்சம் போகியத்துக்குக் கொடுத்துவிட்டு அவர் குடியிருக்கிறார். பணம் திரும்பக் கைக்கு வரும்வரை வாடகையும் கிடையாது, காலி செய்வதும் கிடையாது. விற்றவரோ பணத்தைச் செலவழித்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார்.

போகியப் பத்திரம் பதிவு செய்யப்படாததால் வில்லங்கச் சான்றில் அது வரவில்லை. சட்டப்படி சுவாதீனத்தோடு கொடுக்கும் அடமானம் பதிவாக வேண்டும். ஆனால் நம் ஊர்களில் முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு விட்டுவிடுவதுதான் வழக்கம். "பதியாத பேப்பர்தானே, செல்லாது" என்று சொல்லி ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்திவிட முடியாது. ஒருவர் குடியிருக்கும் வீட்டை வாங்குகிறவர், குடியிருப்பவருக்கு என்ன உரிமை என்று விசாரித்து அறிந்துகொண்டவராகவே சட்டம் கருதுகிறது. சொத்து மாற்றுச் சட்டத்திலேயே அதற்கு விளக்கம் இருக்கிறது. கடைசியில் ஜமாஅத்தில் பேசி, அந்த 4 லட்சத்தைத் தவணை தவணையாகக் கொடுத்து முடித்தார் நம் சகோதரர். வாடகை வரும் என்று வாங்கிய வீட்டுக்கு இரண்டு வருடம் அவரே கட்டிக்கொண்டிருந்தார்.

ஆகவே முதல் ஆலோசனை இதுதான். வீட்டை வாங்கும் முன் உரிமையாளரிடம் மட்டும் பேசாதீர்கள். குடியிருப்பவரின் கதவைத் தட்டி, "அம்மா, நீங்கள் வாடகைக்கா, போகியத்துக்கா? அட்வான்ஸ் எவ்வளவு கொடுத்திருக்கிறீர்கள்?" என்று நேரில் கேளுங்கள். மாடியில் இருப்பவரையும் தனியாகக் கேளுங்கள். அவர்கள் சொல்வதைக் கிரய ஒப்பந்தத்தில் எழுதி, அந்தத் தொகையை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை.

போகியம் கொடுக்கலாமா, வாங்கலாமா?

ஒத்தி, லீஸ் என்றெல்லாம் பல பெயரில் சொன்னாலும் விஷயம் ஒன்றே. ஒரு பெருந்தொகையைக் கொடுத்து வாடகை இல்லாமல் குடியிருப்பது, வெளியேறும்போது முழுத் தொகையையும் திரும்ப வாங்கிக்கொள்வது. கொடுத்த பணம் திரும்ப வரவேண்டிய கடன். அந்தக் கடனுக்காக வீட்டை இலவசமாக அனுபவிப்பது கடனின் மீது எடுக்கும் ஆதாயம். எனவே இது வட்டியின் வகை என்றே ஆலிம்கள் பெரும்பாலும் சொல்கிறார்கள். "வாடகை என்று பெயருக்கு நூறு ரூபாய் போட்டுக்கொள்ளலாமா" என்று கேட்பவர்கள் உண்டு. அதை உங்கள் பள்ளி ஹஜ்ரத்திடமே கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

மார்க்க விஷயம் ஒருபுறம் இருக்க, வீட்டுக்காரருக்கும் இது ஆபத்தானது. புதிதாக வீடு வாங்குகிறவருக்குப் பணம் கொஞ்சம் குறைகிறது. "கீழ் போர்ஷனைப் போகியத்துக்கு விட்டால் 4 லட்சம் வரும், பதிவுச் செலவுக்கு ஆகும்" என்று தரகர் சொல்வார். அப்போது இனிக்கும். மூன்று வருடம் கழித்து அவர் காலி செய்கிறேன் என்றால் 4 லட்சத்துக்கு எங்கே போவது? இன்னொருவரைப் போகியத்துக்குப் பிடித்து அந்தப் பணத்தில் இவருக்குக் கொடுப்பார்கள். ஆள் கிடைக்காத வருடத்தில் நகை அடகுக்கடைக்குப் போகும். நாம் மேலே சொன்ன பழைய உரிமையாளரும் கெட்டவராகப் பிறந்தவரல்ல. போகியப் பணத்தில் மகள் கல்யாணத்தை முடித்தவர், திருப்பிக் கொடுக்க வழியில்லாமல் மறைத்து விற்றவர்.

கணக்கை ஒரு தாளில் போடுங்கள்

வாடகை வருமானத்தைப் பற்றி நம்மவர்கள் மனக்கணக்குப் போடுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒரு உதாரணம் பார்ப்போம். தொகைகளை உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

வீட்டின் விலை 30 லட்சம். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 2 லட்சத்து 70 ஆயிரம். வெள்ளையடித்து, குழாய், கழிவறை சரிசெய்ய 80 ஆயிரம். மொத்தம் 33 லட்சத்து 50 ஆயிரம் போட்டிருக்கிறீர்கள். மாத வாடகை 9,000 என்றால் வருடத்துக்கு 1,08,000. ஆனால் ஒருவர் காலி செய்து அடுத்தவர் வருவதற்குள் ஒரு மாதம் போகும், 9,000 கழியுங்கள். வீட்டு வரி, தண்ணீர் வரி, மோட்டார் பழுது, சில வருடத்துக்கு ஒருமுறை அடிக்கும் பெயிண்டின் வருடப் பங்கு எல்லாம் சேர்த்து 16,000. கையில் நிற்பது 83,000. போட்ட பணத்தில் இரண்டரை சதவீதம்கூடச் சரியாக வரவில்லை.

இதை வீட்டுக் கடனில் வாங்கினால் என்ன ஆகும்? 20 லட்சம் கடனுக்கு 8.5 சதவீத வட்டியில் 20 வருடத் தவணை மாதம் 17,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. வரும் வாடகை 9,000. மிச்ச 8,000-ஐ மாதாமாதம் உங்கள் சம்பளத்திலிருந்து போட வேண்டும். வட்டியை அல்லாஹ் தடுத்திருக்கிறான் என்பதால் நாம் விலகுகிறோம். அப்படி நினைக்காதவருக்கும் இந்தக் கணக்கு கட்டுப்படியாகாது. "வாடகையே தவணையைக் கட்டிவிடும்" என்று யாராவது சொன்னால் தாளையும் பேனாவையும் அவர் கையில் கொடுங்கள்.

மனை விலை ஏறும், அது லாபம்தானே என்று கேட்கலாம். ஏறலாம். திருப்பத்தூர் 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆனபோது சுற்றிலும் அந்தப் பேச்சுத்தான். ஆனால் விலை ஏறும் என்று வாங்குவது வேறு, மாத வருமானத்துக்கு வாங்குவது வேறு. ஓய்வுக்காலத்தில் மருந்துச் செலவுக்கு மாதம் 7,000 தேவைப்படுகிறவருக்குப் பத்து வருடம் கழித்து ஏறப்போகும் விலை உதவாது.

இன்னொரு கணக்கும் பாருங்கள். சொந்த வீடு ஏற்கெனவே இருக்கிறது. அதன் மேல் 600 சதுர அடியில் இரண்டு சிறு போர்ஷன் கட்டுகிறீர்கள். சதுர அடிக்கு 2,000 வைத்தால் 12 லட்சம். மனை விலை இல்லை, பத்திரச் செலவு இல்லை. போர்ஷனுக்கு 4,500 வீதம் அதே 9,000 வருகிறது. செலவெல்லாம் போக அதே 83,000 நின்றால், அது போட்ட பணத்தில் ஏறக்குறைய 7 சதவீதம். முதன்முதலில் வாடகை வருமானத்துக்கு இறங்குகிறவருக்கு என் கருத்து இதுதான்: புது வீட்டைத் தேடி அலையும் முன் உங்கள் சொந்த மொட்டை மாடியை ஒருமுறை பாருங்கள். அஸ்திவாரமும் தூணும் மாடியைத் தாங்குமா என்று பொறியாளரைக் காட்டிக் கேளுங்கள். மேஸ்திரி "தாங்கும் பாய்" என்று சொல்வது போதாது. உள்ளாட்சியில் வரைபட அனுமதியும் வாங்குங்கள். மாடிப்படியை வெளியில் வைத்தால் வீட்டுப் பெண்களுக்கும் குடிவருபவருக்கும் சங்கடமில்லை.

மலையில் இடம் மலிவு என்பவர்களுக்கு

ஒவ்வொரு வருடமும் ஜமுனாமரத்தூரில் கோடை விழா முடிந்ததும் இந்தப் பேச்சு கிளம்பும். கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "மலையில் ஒரு ஏக்கர் வாங்கி நாலு ரூம் கட்டினால் பீமன் நீர்வீழ்ச்சிக்கும் காவலூர் வானாய்வு மையத்துக்கும் வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடலாம்" என்று கணக்குப் போடுகிறார்கள்.

நில விஷயத்தில் ஜவ்வாது மலை அடிவாரம் போன்றதல்ல. பெரும்பகுதி காப்புக்காடு. ஊர்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் மலையாளி பழங்குடியினர். அவர்களில் பலர் கையில் இருப்பது 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் கீழ் கிடைத்த உரிமைப் பட்டா. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அந்த நிலத்தை அனுபவித்து வந்தவர்களுக்குக் கொடுக்கப்படுவது அது. பிள்ளைகளுக்கு வாரிசாகப் போகுமே தவிர, விற்கவோ வேறு விதமாக மாற்றிக் கொடுக்கவோ முடியாது என்று சட்டமே சொல்கிறது. அரசு ஒப்படை செய்த நிபந்தனைப் பட்டா நிலங்களும் உண்டு. நிபந்தனையைப் படிக்காமல் அதைத் தொடக்கூடாது.

விற்க முடியாத நிலத்தை எப்படி விற்கிறார்கள்? முத்திரைத்தாளில் "அனுபவ உரிமை" என்று எழுதிக் கைரேகை வாங்குகிறார்கள், அல்லது பவர் எழுதுகிறார்கள். அந்தத் தாளை நம்பி நாலு ரூம் கட்டியவருக்கு வருவாய்த் துறையோ வனத் துறையோ வந்து நிற்கும் நாளில் கையில் எதுவும் இருக்காது. அதைவிடப் பெரிய விஷயம், சாமையும் புளியும் தேனும் தவிர வேறு வருமானம் இல்லாத ஒரு குடும்பத்தின் ஒரே நிலத்தை, விற்க அவர்களுக்கு உரிமையில்லை என்று தெரிந்தே அற்ப விலைக்கு எழுதி வாங்குவது அநியாயம். அந்த வருமானத்தில் பரக்கத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

மலையில் முறையான பட்டா நிலம் அறவே இல்லை என்று சொல்லவில்லை. இருந்தால், தாலுகா அலுவலகத்தில் 'அ' பதிவேட்டைப் பார்த்து, நிலத்தின் வகைப்பாடு என்ன என்று எழுத்தில் வாங்கிய பிறகு பேசுங்கள்.

அடிவாரத்து ஊர்களிலும் மனைப்பிரிவு அங்கீகாரம் உள்ளதா என்று பார்க்க வேண்டும். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்வதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை செய்தது. அதன் பிறகு வந்த வரன்முறைத் திட்டம் 2016 அக்டோபர் 20 வரை விற்கப்பட்ட மனைகளுக்குத்தான். "பிறகு வரன்முறை செய்துகொள்ளலாம்" என்று இன்று விற்கிறவரிடம் இந்தத் தேதியைச் சொல்லிக் கேளுங்கள்.

யார் பெயரில் வாங்குவது

அண்ணன் தம்பி மூவர் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்ப, ஊரில் இருக்கும் மூத்தவர் பெயரில் வாங்குவது நம்மிடம் சாதாரணம். மூத்தவர் மவுத்தானால் அவருடைய மனைவி மக்களுக்குப் போகும் சொத்து அது. தம்பிகள் அனுப்பிய பணத்துக்குப் பேங்க் ரசீது தவிர வேறு சாட்சி இராது. கூட்டாகப் பணம் போட்டால் கூட்டாகவே பெயர் போடுங்கள், யாருக்கு எத்தனை பங்கு என்று பத்திரத்திலேயே எழுதுங்கள். கடனை எழுதி வைக்கச் சொல்லும் வசனம் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம், அல்பகரா 282. அண்ணன் தம்பிக்குள் எழுதுவது அவநம்பிக்கை ஆகாது.

பெண்கள் பெயரில் பதிவு செய்தால், 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்துக்கு 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. சிறு மனை வாங்குகிறவர்கள் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் மனைவி பெயரில் எழுதினால் அது மனைவியின் சொத்து, வாடகையும் அவருடையது என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

ஒப்பந்தமும் அட்வான்ஸும்

"11 மாதத்துக்கு எழுதினால் பதிய வேண்டாம்" என்பது பழைய பழக்கம். தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த வீட்டு உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் சட்டப்படி, நகராட்சி, பேரூராட்சிப் பகுதிகளில் எத்தனை மாத வாடகையானாலும் எழுத்து மூலம் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் வாங்க வேண்டும். அரசின் இணையதளத்திலேயே செய்யலாம். இந்த எண் இல்லாமல், பின்னால் வாடகை பாக்கி என்று நீங்கள் போய் நின்றால் சிரமம் உங்களுக்குத்தான்.

வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது இந்தச் சட்டம். காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்ப வேண்டும். சென்னையைப் பார்த்துப் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறவர்கள் நம் பக்கத்திலும் வந்துவிட்டார்கள். அது தேவையில்லை. வாங்கும் அட்வான்ஸை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் விஷயம். அது அமானத். அதைக் கொண்டு பெருநாள் துணி எடுத்துவிட்டு, காலி செய்கிறவரிடம் "அடுத்த ஆள் வந்ததும் தருகிறேன்" என்று சொல்கிற வீட்டுக்காரர், போகியப் பணத்தைச் செலவழித்தவரின் சிறிய அச்சு. தனியாக ஒரு கணக்கில் போட்டுத் தொடாமல் விடுங்கள்.

வாடகையை உயர்த்த வேண்டுமானால் மூன்று மாதம் முன்பே எழுத்தில் சொல்லுங்கள். வாடகை தரவில்லை என்று தண்ணீரையும் கரண்டையும் நிறுத்துவது குற்றம். இரண்டு மாதப் பாக்கி நின்றால் நோட்டீஸ் கொடுத்துச் சட்ட வழியில் காலி செய்யலாம். போர்ஷனுக்குத் தனி மின் மீட்டர் வையுங்கள். வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் 2016 முதல் இருக்கிறது. ஒரே மீட்டரில் எல்லாரையும் ஓட்டி, உள் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இஷ்டத்துக்கு வசூலித்து, அந்த இலவசத்தையும் தாமே எடுத்துக்கொள்வதை ஒரு வருமானமாகச் சிலர் பேசுகிறார்கள். அளவை நிறுவை மோசடி என்று நாம் பயான்களில் கேட்பது தராசுக்கு மட்டுமா என்று யோசிக்க வேண்டும்.

குடிவருகிறவரைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு வார்த்தை. ஆதார் நகல், வேலை செய்யும் இடம், முன்பு இருந்த வீட்டுக்காரரிடம் ஒரு விசாரிப்பு, இவை போதும். பெரிய நகரங்களில் பெயரைக் கேட்டதும் "வீடு இல்லை" என்ற பதிலை வாங்கி வந்த அனுபவம் நம் பிள்ளைகளுக்கு நிறைய உண்டு. மலையிலிருந்து இறங்கிக் கல்லூரிக்கு வரும் மலையாளிப் பிள்ளைகளுக்கும், தனியாக வேலைக்கு வரும் நர்ஸுக்கும் அதே பதிலை நாம் சொல்லாதிருப்போம்.

ஜகாத், வருமான வரி

வாடகைக்கு விட்ட வீட்டின் மதிப்புக்கு ஜகாத் இல்லை. செலவு போக மிஞ்சும் வாடகைப் பணம் உங்கள் மற்ற பணத்தோடு சேர்ந்து நிஸாபை அடைந்து வருடம் நிறைந்தால் இரண்டரை சதவீதம் கடமை. விற்று லாபம் பார்க்கவே வாங்கிப் போட்ட மனை வியாபாரப் பொருள். அதன் சட்டம் வேறு. உங்கள் நிலையைச் சொல்லி ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வருமான வரிக் கணக்கில் வாடகையைக் காட்டும்போது, கட்டிய வீட்டு வரியைக் கழித்த பிறகு, மீதியில் 30 சதவீதம் பராமரிப்புக்காக ரசீது இல்லாமலே கழிக்கலாம். ரொக்கமாக வாங்கினாலும் அது வருமானம்தான். ரசீது கொடுங்கள்.

நம் சகோதரர் இப்போது கீழ் போர்ஷனை மூன்று மாத அட்வான்ஸுக்கு, பதிந்த ஒப்பந்தத்தோடு வாடகைக்கு விட்டிருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். வீடு, மனை வாங்கப் பேசிக்கொண்டிருப்பவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பாகத் தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றின் நகல்களை நம் அறக்கட்டளை அலுவலகத்துக்குக் கொண்டு வந்தால், விவரம் தெரிந்தவர்களை வைத்துப் பார்த்துச் சொல்கிறோம், இன்ஷா அல்லாஹ். நகல் போதும். அசல் பத்திரத்தை எங்களிடமும் கொடுக்க வேண்டாம்.